மட்டிப் பழமும் சளியும்

சத்தியபாய் டீச்சர் கண்ணில் பட்டுத் தப்பிய பொய் இராஜாக்கமங்கலத்தில் கிடையாது. கிறிஸ்தவ சபையின் பெண்கள் ஐக்கியத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் யாராவது எதையாவது அனுப்ப வேண்டியதுதான் தாமதம், பத்து நிமிடத்துக்குள் டீச்சரின் பதில் வந்து விழும். முட்டையும் வாழைப்பழமும் சேர்த்துத் தின்றவன் செத்துப்போனான் என்று ஒருத்தி அனுப்பினாள். 'இன்று காலையில் நான் இரண்டையும் தின்றேன். இப்போது பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்' என்று டீச்சர் பதில் போட்டாள். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள். கிரகணத்தால் சோறு கெட்டுப்போகாது. வாழைப்பழம் தின்றால் சளி பிடிக்காது, சளி பிடிப்பது கிருமியால். அதிலும் இந்த வாழைப்பழத்தை மட்டும் ஏழெட்டுத் தடவையாவது எழுதியிருப்பாள். மழைக்காலம் வந்தால் யாராவது ஒருத்தி அதைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டு வருவாள், டீச்சரும் சளைக்காமல் மறுப்பாள். பெண்கள் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் 'புரளி டீச்சர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. வெளியே முறைத்தாலும் உள்ளுக்குள் அவளுக்குப் பெருமைதான்.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் குளோரி தையல்காரி. டீச்சர் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு ரவிக்கை தைப்பவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் குளோரியின் விரல் நுனிகளில் தோல் வெளுக்கத் தொடங்கியது. மெல்ல மெல்ல மணிக்கட்டுவரை ஏறி, உதட்டோரத்திலும் வந்தது. தெருவுக்குக் காரணம் கண்டுபிடிக்க ஒரு நாள்கூட ஆகவில்லை. மீன் கறியோடு மோர் விட்டுச் சாப்பிட்டிருப்பாள் என்றார்கள். வெள்ளப்பாண்டு என்றாள் ஒருத்தி, வெண்குஷ்டம் என்றாள் இன்னொருத்தி. தைக்கக் கொடுத்த துணியைத் தைக்காமலே திரும்ப வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு.

டீச்சருக்கு வந்ததே கோபம். அன்று அவள் குழுவில் எழுதியதை இன்றும் சிலர் அழிக்காமல் வைத்திருக்கிறார்கள். 'இது குஷ்டம் இல்லை. இதன் பெயர் வெண்புள்ளி. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள் அழிவதால் வருவது. தொட்டால் ஒட்டாது, கூட உட்கார்ந்து சாப்பிட்டால் ஒட்டாது. மீனுக்கும் மோருக்கும் இதில் ஒரு பங்கும் இல்லை. அந்தக் கெட்ட சொல்லை இனி யாராவது எழுதினால் நான் இந்தக் குழுவில் இருக்க மாட்டேன்.' குழு கப்சிப் என்று அடங்கியது. அடுத்த ஞாயிறு ஆராதனையில் டீச்சர் தேடிப்போய் குளோரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பியும் பார்த்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் குளோரி வீடு தேடி வந்து அழுதாள்.

"டாக்டரும் ஒட்டாதுன்னுதான் சொன்னாரு டீச்சரக்கா. எனக்குத்தான் மனசு கேக்கல. நீங்க சொன்னா எனக்குப் போரும். ஒண்ணே ஒண்ணு கேக்கட்டா? நாளைக்கு எனக்க பிரீனாவுக்கு ஒரு பிள்ள பெறந்தா நான் எடுக்கலாமா?"

பிரீனா குளோரிக்கு ஒரே மகள். அப்போதுதான் அஞ்சுகிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

"எடுக்கலாமாவா? எடு, குளிப்பாட்டு, இடுப்புல வச்சிட்டு ஊரச் சுத்து. எவ கேக்கான்னு நான் பாக்கேன்," என்றாள் டீச்சர். குளோரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

கதை இந்த இடத்தில் முடிந்திருந்தால் டீச்சருக்கு நல்ல பெயர். பக்கத்தில் உட்காருவதும் கையைப் பிடித்துப் பேசுவதும் அவள் தன் உடம்பைக் கொண்டு செய்த தைரியம். அதற்கு அதிகம் செலவில்லை. பேரன் எபிசன் பிறந்த பிறகுதான் அந்தத் தைரியத்தின் நீளம் எவ்வளவு என்று தெரிந்தது.

மகன் ரிஜோ மஸ்கட்டில் இருந்தான். மருமகள் சுனிதாவும் பிள்ளையும் டீச்சரோடு இருந்தார்கள். பிள்ளையைப் பார்க்க குளோரி அடிக்கடி வருவாள். வந்தால் டீச்சருக்கு ஒரு காரணம் தயாராக இருக்கும். "இப்பத்தான் உறங்கினான்." "பால் குடிச்சிருக்கான், தூக்கினா கக்குவான்." ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்துக்கு உண்மை போலத்தான் இருந்தது. ஞானஸ்நானத்துக்குப் பிள்ளை போட வேண்டிய வெள்ளை அங்கியைக் குளோரி காசு வாங்காமல் தைத்துக் கொண்டுவந்தாள். டீச்சர் அதை வெந்நீரில் மூன்று தடவை முக்கி அலசினாள். "புதுத் துணிக்கு எதுக்கு அத்தே இத்தனை வெள்ளம்?" என்று சுனிதா கேட்டாள். "புதுத் துணியிலதான் கஞ்சி அதிகம் இருக்கும்," என்றாள் டீச்சர். அதுவும் உண்மைதான். ஆறு மாதத்தில் குளோரி ஒரு தடவைகூட அந்தப் பிள்ளையைக் கையில் வாங்கவில்லை என்பதை டீச்சர் கவனிக்கவில்லை. கவனிக்காமல் இருக்க அவள் நல்ல கவனமாக இருந்தாள்.

ஞானஸ்நானம் ஞாயிறு ஆராதனையோடு முடிந்தது. வீட்டு முற்றத்தில் பந்தல், பின்பக்கம் பிரியாணி. டீச்சரின் கணவர் ஜான்ரோஸின் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஞானஸ்நானத்தன்று மட்டிப் பழத்தை மசித்துக் கிண்ணத்தில் வைத்து, பிள்ளைக்கு வேண்டிய பெண்கள் ஒவ்வொருத்தராக விரலால் தொட்டு அதன் நாக்கில் வைப்பார்கள். விரலளவே உள்ள சின்னப் பழம், மணமும் இனிப்பும் அதில் தனி. சுனிதா பிள்ளையை மடியில் வைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றாள்.

முதலில் சுனிதாவின் அம்மா வைத்தாள். பிறகு ஜான்ரோஸின் தங்கை. அடுத்து பக்கத்து வீட்டுப் பகவதி. பகவதிக்கு மூன்று நாளாக நல்ல ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "கண்ணு, வாயத் தொற மக்கா," என்று தொட்டு வைத்தாள். பிள்ளை சப்புக்கொட்டியது. டீச்சரும் சிரித்தாள்.

பகவதிக்குப் பின்னால் குளோரி நின்றாள். கிணற்றடியில் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிய கையின் ஈரம் இன்னும் காயவில்லை. புதுச் சேலை கட்டியிருந்தாள். அங்கியோடு பிள்ளையைப் பார்த்து அவள் முகமெல்லாம் சிரிப்பு. வெளுத்த விரல் ஒன்றைக் கிண்ணத்தை நோக்கி நீட்டினாள்.

கிண்ணம் பின்னால் போனது. டீச்சர் நினைத்து இழுக்கவில்லை. கை தானாக அதை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டது. குளோரியின் விரல் காற்றில் நின்றது. பந்தலில் இருந்த அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும். டீச்சர் வாயைத் திறந்தாள்.

"போரும் குளோரி. மட்டிப் பழம் ஒருபாடு குடுத்தா பிள்ளைக்குச் சளி பிடிக்கும்."

ஐக்கியத்துப் பெண்களில் யாரோ ஒருத்தி சிரிக்கத் தொடங்கிப் பாதியில் விழுங்கிக்கொண்டாள். பகவதி மூக்கை உறிஞ்சினாள். அந்தச் சத்தம் பந்தல் முழுக்கக் கேட்டது. சுனிதா நிமிர்ந்து மாமியாரின் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமா டீச்சரக்கா," என்றாள் குளோரி. "சளி பிடிக்கும்." விரலை மடக்கி, கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அவள் கோபித்துக்கொண்டு போயிருந்தால் டீச்சருக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். குளோரி போகவில்லை. கடைசிப் பந்தியில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டாள், நல்லா இருக்கு என்றாள், எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனாள். டீச்சருக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

ஆட்கள் போனபின் ஜான்ரோஸ் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே கேட்டார். "சத்தியம், வாழப்பழம் தின்னா சளி பிடிக்குமா?" அவர் குத்திக் கேட்கவில்லை. மனைவி சொல்வதையெல்லாம் முப்பது வருடமாக அப்படியே நம்பிவந்த மனிதர், சந்தேகத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ளத்தான் கேட்டார். டீச்சர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் குழுவில் ஒருத்தி எழுதினாள். 'கைக்குழந்தைகளுக்கு வாழைப்பழம் கொடுக்காதீர்கள். சளி பிடிக்கும். நம்ம டீச்சரே சொல்லிட்டாங்க.' கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அதைக்கூடத் தாங்கியிருப்பாள். இன்னொருத்தி தனியாக அனுப்பியிருந்தாள். 'நல்ல காரியம் செஞ்சீங்க டீச்சர். அப்ப அது ஒட்டத்தான் செய்யும், இல்லியா? பாவம், அவ மனசு நோகக் கூடாதுன்னு இத்தனை நாள் எங்ககிட்ட மாத்திச் சொன்னீங்க. எங்களுக்குப் புரிஞ்சது.'

டீச்சர் பதில் அடிக்கப் போனைக் கையில் எடுத்தாள். 'இது பொய். நம்ப வேண்டாம்' என்று எத்தனையோ முறை அடித்த விரல்கள். இப்போது எதைப் பொய் என்று அடிப்பது? அவள் எழுதியது உண்மை. அவள் செய்தது பொய். ஊர் அவள் செய்ததைத்தான் நம்பியது. அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் கையையே அவளுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே குளோரி வீட்டுக்குப் போனாள். குளோரி தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீச்சர் உட்காரவில்லை.

"நேத்து நான் சொன்னது பொய், குளோரி. சளியுமில்ல, ஒண்ணுமில்ல. உனக்க கையப் பாத்துப் பயந்துபோனேன். என்னை மன்னிச்சிரு."

"எனக்கு அப்பவே தெரியும்," என்றாள் குளோரி. கொஞ்ச நேரம் மெஷின் சக்கரத்தைச் சும்மா உருட்டினாள். "மன்னிக்கதுக்கு என்ன இருக்கு? பேரப்பிள்ளயில்லா. பயம் வரத்தான் செய்யும். நான் ஒண்ணு கேக்கேன், கோவப்படப்பிடாது."

"கேளு."

"நீங்க படிச்சவங்க. இதப் பத்தி உங்களுக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல. எல்லாம் தெரிஞ்ச நீங்களே பயந்தா, உள்ளுக்குள்ள என்னமோ இருக்கணும். எனக்குச் சங்கடமா இருக்கும்னு சொல்லாம மறைச்சிட்டியளோ? மறைக்காண்டாம் டீச்சரக்கா. பிரீனா அடுத்த மாசம் பிரசவத்துக்கு வாறா. உள்ளதச் சொல்லுங்க. அந்தப் பிள்ளய நான் தொடலாமா, கூடாதா?"

டீச்சர் அதிர்ந்துபோனாள். திட்டு வாங்கத் தயாராக வந்தவள் இந்தக் கேள்விக்குத் தயாராக இல்லை. "தொடலாம், தாராளமா தொடலாம்," என்றாள். செல்களைப் பற்றிச் சொன்னாள், நிறத்தைப் பற்றிச் சொன்னாள், வேதப் புத்தகத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்யட்டுமா என்று கேட்டாள். சொல்லச் சொல்ல அது வெறும் ஆறுதல் போலவே ஒலித்தது. குளோரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். துக்க வீட்டில் வருகிறவர்கள் சொல்வதற்குத் தலையாட்டுவார்களே, அந்த மாதிரி. ஆயிரம் பிள்ளைகளுக்குப் புரியவைத்த வாயால் ஒரு குளோரியை நம்பவைக்க முடியவில்லை. கெடுத்தது அந்த வாய்தானே என்று டீச்சருக்கு அழுகை முட்டியது.

அடுத்த நாள் காலையில் அவள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னாள். சுனிதாவிடமிருந்து எபிசனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். "எங்க அத்தே?" என்றாள் சுனிதா. "குளோரி வீட்டுக்கு." சுனிதா பிள்ளையின் தொப்பியை எடுத்துக் கொடுத்தாள். யார் பார்க்கிறார்கள் என்று டீச்சர் இந்த முறை திரும்பிப் பார்க்கவில்லை.

குளோரி வாசலில் நின்று தேங்காய் துருவிய பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். டீச்சர் பிள்ளையை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"பிடி. எனக்க பேரன் உனக்கும் பேரனாக்கும்."

குளோரியின் முகம் மலர்ந்தது. பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். பிள்ளையின் காலைத் தொடும் தூரத்தில் அந்தக் கைகள் நின்றுவிட்டன. "ஒரு நிமிசம்," என்று உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது, துவைத்து மடித்து வைத்திருந்த ஒரு வெள்ளைத் துண்டை விரல் நுனி தெரியாமல் இரண்டு கைகளின் மேலும் முழங்கைவரை விரித்துப் போட்டிருந்தாள்.

"ஏட்டி, துண்டு எதுக்கு? எடுத்துக் கள," என்றாள் டீச்சர்.

"கெடக்கட்டும் டீச்சரக்கா," என்று குளோரி பிள்ளையைத் துண்டோடு வாங்கி நெஞ்சில் அணைத்துக்கொண்டாள். "பிரீனாக்க பிள்ளயையும் இப்பிடித்தானே எடுக்கணும். எனக்கும் பழகணும்லா."