கிணற்றிலிருந்து வந்த இருட்டு

“லைட்டு எரியுதுங்க. டெஸ்டர் வச்சுப் பாத்துட்டேன். வெளிச்சந்தான் வரமாட்டேங்குது,” என்றபடி ஏணியிலிருந்து இறங்கினார் எலக்ட்ரீசியன் அண்ணாமலை.

“உடுங்கண்ணா. அதுகளுக்கு வெளிச்சம் ஆகாது,” என்றாள் கோகிலா.

“எதுகளுக்குங்க?”

அவள் கண்ணாடித் தொட்டிகளைக் காட்டினாள். அந்த இருட்டில் அவள் காட்டியதே அவருக்குத் தெரியவில்லை. வாசற்படியைக் காலால் தடவிக்கொண்டு வெளியே போனார்.

மலைமேல் எடப்புளி நாட்டுப் பகுதியில் விவசாயி சென்றாயனின் கிணற்றை வெடிவைத்து ஆழப்படுத்தப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் உயிரின ஆய்வாளரான கோகிலா வலையோடு அங்கே போயிருந்தாள். அந்தக் கிணற்றின் ஊற்றுப் பாறையிடுக்கில், அரிசிமணியில் பாதிகூட இல்லாத, கண்ணில்லாத வெள்ளை இறால்கள் வாழ்ந்தன. வேறெங்கும் அவை இல்லை. அகப்பட்டதையெல்லாம் கேனில் சேர்த்தாள். இருட்டும் கூடவே வந்தது. பஸ்ஸில் கேன் இருந்த சீட்டு மட்டும் பட்டப்பகலில் இருண்டு கிடக்க, கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். செம்மேட்டில் பழைய மிளகுக் கிடங்கு ஒன்று அவளுடைய ஆய்வுக்கூடம் ஆயிற்று. ஈரச்சாக்கு சுற்றித் தொட்டிகளைக் குளிர வைத்தாள். கிணற்றுக் கல்லில் படிந்த வழுவழுப்புதான் தீனி. ஓர் இறால் செத்தால் அறையில் ஊசிமுனையளவு வெளிச்சம் கூடும். சாவுகளை அவள் அப்படித்தான் அறிந்தாள். முதல் வருடம் ஒன்றுகூடப் பிறக்கவில்லை.

சென்றாயனின் மனைவி அத்தாயி ஒருநாள் தங்கள் கிணற்றுப் பிள்ளைகளைப் பார்க்க வந்தாள். வெறுங்கையோடு வரக் கூடாதென்று சாமை மாவு இடித்து வந்தவள், யாரும் கேட்காமலே தொட்டிக்கு ஒரு பிடி போட்டாள். தண்ணீர் புளித்தது. மறுநாள் அறை சாயங்காலம்போல வெளுத்திருந்தது.

“நாந்தாஞ் சாமி கொன்னுட்டேன். பட்டினியா கெடக்குதுன்னு நெனச்சேன்.”

“கொஞ்சூண்டு தின்னா மாசக்கணக்குல தாங்குங்கக்கா அதுக.”

“எம் மருமவ சமைக்கறத நான் திங்கற மாதிரின்னு சொல்லு,” என்று அத்தாயி மூக்கைச் சிந்தினாள்.

கோகிலா திட்டவில்லை. கெட்ட நீரைச் சொட்டுச் சொட்டாக மாற்றினாள். லாரி அதிர்வு எட்டாமலிருக்கத் தொட்டிகளுக்கடியில் வைக்கோல் பரப்பினாள். தண்ணீரில் ஊறி விரலிடுக்குகள் வெந்து போயின. ஊருக்குப் போகாமல் இரண்டு பொங்கல் கழிந்தது. பிறகு ஒரு காலையில் கதவைத் திறந்தபோது அவள் கையே அவளுக்குத் தெரியவில்லை. குஞ்சுகள் பொரித்திருந்தன. அன்று மதியம் இருட்டு படியிறங்கி ரோட்டைத் தொட்டது. எதிர் டீக்கடைக்காரர் பெஞ்சை நாலடி தள்ளிப் போட்டுக்கொண்டார். மலையில் எல்லாரும் அவளைப் பெருமையாகப் பேசினார்கள். ஆனால் அந்தக் குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடுமா என்பது அவளுக்குத் தெரியாது. அதுவரை இனத்தைக் காக்கத் தாய்கள்தான் இருந்தன.

அந்த வாரமே சென்றாயன் கழுவிய குடத்தோடு வந்து இருட்டுக்குள் உட்கார்ந்தார்.

“ஏனுங்கம்மா, நீங்க அதுகள எடுத்துட்டுப் போயி நாங்க வெடி வச்சதுலருந்து கெணத்துல அமாவாசைக்கும் வெளிச்சமுங்க. தண்ணி கூசிக்கிட்டுப் பாறைக்குள்ளயே நின்னுக்குது. மரவள்ளி காயுது.”

கோகிலா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எல்லாம் வேண்டாமுங்க,” என்று குடத்தை அவள் காலருகே நகர்த்தினார். “குஞ்சுக உங்ககிட்டயே இருக்கட்டும். தாயிகள மட்டும் இதுல உட்டுக் குடுக்கறீங்களா?”