நீலக்கல் மோதிரமும் நன்றி சொல்ல ஒரு ஆளும்

வேரோனிக்கா அக்கா கதவடியில் சாப்பாட்டுப் பெட்டியை வைத்துவிட்டுப் போன அன்றுதான், மெஷினைத் திருப்பிக் கொடுப்பதென்று அன்ரனெற் முடிவெடுத்தாள்.

அது கஷ்டப்பட்ட குடும்பங்களுக்குக் கத்தோலிக்கப் பங்குக் கோயில் கொடுக்கும் பெட்டி. ரூனா மீன் ரின், ஸ்பகெற்றி, அரிசி, ஒரு சவர்க்காரம். வாங்குகிறவர் வெட்கப்படக் கூடாதென்று கதவைத் தட்டாமல் வைத்துவிட்டுப் போவார்கள். அன்ரனெற்றின் கணவன் கிளிபோட், புளஃபர்ஸ் பார்க் ஏரிக்கரை மணலில் குனிந்து குனிந்து எதையோ பொறுக்கிப் பையில் போடுவதை வேரோனிக்கா அக்கா கண்டிருக்கிறார். வெறும் பியர் கான் பொறுக்கி விற்றுத்தான் சீவிக்கிறார்கள் போலும் என்று மனம் நொந்து, ஒருவருக்கும் சொல்லவில்லை. பூசை முடிந்து கோப்பி குடிக்கும் இடத்தில் மட்டும் சொன்னார்.

கிளிபோட் பொறுக்கியது கான் அல்ல. போத்தல் மூடிகள். மெஷின் என்பது மெற்றல் டிற்றெக்டர்; அதை மணலுக்கு மேலால் ஆட்டிக்கொண்டு போக, உள்ளே உலோகம் கிடந்தால் கத்தும். கத்திய இடத்தைக் கிண்டினால் ஏதாவது வரும். பியர் மூடி, கூடார ஆணி, முள்ளுக்கரண்டி, ஒருமுறை கம்பி வைத்த பாதிப் பல்செற். பல்செற்றை அவன் கழுவி யன்னல் ஓரத்தில் வைத்திருந்தான், யாராவது தேடி வரக்கூடும் என்று.

பாண் சுடும் பக்ரறியில் பல வருடம் நைற் ஷிஃப்ற் செய்தவன். ஒரு நாள் தலையில் போட்டிருந்த வலையைக் கழற்றிச் சுப்பவைசரின் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தான். ஏன் என்று கேட்டதற்கு, "செய்தது காணும்" என்றான். அதன்பிறகு இரவில் நித்திரை வரவில்லை, பகலில் விழிப்பு வரவில்லை. மெஷின் வாங்கிய பிறகுதான் மனிதன் விடிய எழும்பி முகம் கழுவத் தொடங்கினான். அன்ரனெற்றும் அதனால்தான் இவ்வளவு நாள் பொறுத்தாள். சாப்பாட்டுப் பெட்டி அந்தப் பொறுமையை முடித்து வைத்தது.

"மாசக் கடைசி மட்டும் பாப்பன்" என்றாள். "ஒரு சாமான். ஒரே ஒரு சாமான். துலைச்ச ஆளின்ரை கையிலை குடுத்து, அந்த ஆள் உங்களுக்குத் தாங்ஸ் சொல்லோணும். அதை என்ரை காதாலை கேக்கோணும். இல்லாட்டி உது கடைக்குப் போகுது."

"பாவிச்ச சாமானைக் கடைக்காரன் எடுப்பானோ?"

"எடுப்பான். பெட்டி இருக்கு, மெஷின் உடையாமல் வைச்ச ரெஜிபோம் இருக்கு, வயர் கட்டின கம்பியும் இருக்கு."

வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம் என்பதுதான் இந்த நாட்டில் அன்ரனெற்றுக்கு ஆகப் பிடித்த சட்டம். ஒரு பனிக்காலம் முழுக்கப் போட்ட சப்பாத்தையே அவள் திருப்பிக் கொடுத்திருக்கிறாள்.

மாதம் முடியும் தறுவாயில் மெஷின் வேறு மாதிரிக் கத்தியது. பியர் மூடிக்கு அது கரகரக்கும். இப்போது பூசை மணிபோல் சீராக ஒலித்தது. கிளிபோட் முழங்காலில் இருந்து கிண்டினான். வந்தது ஆண்கள் போடும் தடித்த தங்க மோதிரம். நடுவில் கடலைப் பருமனில் நீலக்கல்.

உள்பக்கம் ஒரு நகைக்கடையின் முத்திரை இருந்தது. ஸ்காபரோவில் உள்ள தமிழ்க் கடைதான். முதலாளி மோதிரத்தைக் கையால் தொடாமல் சாவணத்தால் தூக்கிப் பார்த்தார். அது ஏனென்று கிளிபோட் அப்போது யோசிக்கவில்லை.

"இது யூனியன்வில் தியாகலிங்கத்தாரின்ரை. நான்தான் கட்டிக் குடுத்தனான்" என்றவர் விலாசத்தையும் சொல்லிவிட்டு, சாவணத்தைக் கழுவப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு இருவரும் யூனியன்வில்லுக்குப் போனார்கள். அன்ரனெற் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். வெறுங்கையோடு போகக் கூடாதென்று பட்டர் கேக்கும் அடித்திருந்தாள். நன்றி கேட்கப் போவது அவளுக்கு ஒரு கலியாண வீட்டுக்குப் போவது போலத்தான் இருந்தது.

கதவைத் திறந்தவள் தியாகலிங்கத்தின் மனைவி சந்திரவதனா. அவளுக்குப் பின்னால் குசினிப் பக்கம் பிளாஸ்ரிக் தாள் தொங்கியது. புதுக் குசினி கட்டுகிறார்கள்.

"தங்கச்சி, உங்கடை சாமான் ஒண்டு என்னட்டை இருக்கு" என்று சொல்லிக் கிளிபோட் சிறிய டப்பாவைத் திறந்தான்.

சந்திரவதனா ஓர் அடி பின்னால் போனாள். பிறகு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

"மூடுங்கோ அண்ணை. படிக்கு இஞ்சாலை கொண்டு வராதேங்கோ."

"உங்கடை இல்லையோ?"

"எங்கடைதான். நான்தான் எறிஞ்சனான்."

நீலக்கல் சனி பகவானின் கல். ஒத்துவந்தால் ராசாவாக்கும், ஒத்துவராவிட்டால் பிச்சையெடுக்க வைக்கும் என்று எல்லாரும் சொல்வதுதான். தியாகலிங்கம் ராசாவாகும் எண்ணத்தில் கட்டுவித்தார். அதன்பிறகு நிலக்கீழ் அறைக்குள் தண்ணீர் வந்தது. மகன் ஜனார்த்தன் கார் ஓட்டும் சோதனையில் திரும்பத் திரும்பப் பெயில் விட்டான். ஊரிலிருந்து சந்திரவதனாவின் தாயைக் கூப்பிட விண்ணப்பித்த விசா மறுக்கப்பட்டது. சந்திரவதனா கணவனுக்குத் தெரியாமல் சாதகம் பார்க்கும் சாத்திரியாரிடம் போனாள். மோதிரத்தை ஓடுகிற தண்ணீரில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரும்படி அவர் சொன்னார்.

"கிறீக் ஓடையடியிலை கார் விட இடமில்லை அண்ணை. லேக்கடியிலை பார்க்கிங் லேசு. அதாலை அங்கை போனனான். திரும்பிப் பாத்திடுவனோ எண்ட பயத்திலை, முதலே தண்ணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டு தோளுக்கு மேலாலை எறிஞ்சன்."

"அது தண்ணிக்குப் போகேல்லைத் தங்கச்சி. மணலுக்கைதான் கிடந்தது."

"கரைக்குக் கிட்டவோ?"

"இல்லை. பெடியள் வொலிபோல் அடிக்கிற இடத்திலை."

சந்திரவதனா டப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். இவ்வளவு நாளும் சனி பகவான் வொலிபோல் வலைக்குக் கீழே நின்றதை நினைத்துப் பார்த்தாள் போலும்.

"அவ்வளவு தூரத்திலை கிடந்ததுக்கே எங்களுக்கு எல்லாம் சரியாய்ப் போச்சு" என்றாள். "ஜனா பாஸ் பண்ணிட்டான். அம்மா வந்திட்டா. புதுக் குசினியும் கட்டுறம். தயவுசெய்து கொண்டு போங்கோ."

அன்ரனெற் முன்னால் வந்தாள். "மோதிரம் வேண்டாமெண்டால் விடுங்கோ பிள்ளை. இவருக்கு ஒரு தாங்ஸ் மட்டும் சொல்லுங்கோ. எனக்குக் கேட்டால் காணும்."

"தாங்ஸ் சொன்னால் வாங்கின மாதிரி ஆகிடும் அக்கா."

உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது. "ஆர் வதனா?"

"வீடு விக்கிறமோ எண்டு கேக்கினம்" என்று கதவுக்குச் சொன்னாள் சந்திரவதனா. கேக்கை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கேக் இல்லாத வெறும் மடியோடு அன்ரனெற் வோபர்னில் உள்ள வீட்டுக்குத் திரும்பினாள். அப்பார்ட்மென்ற் வாசலில் இறங்கும்போது, "நாங்கள் வேதக்காரர். உதெல்லாம் நம்பிறேல்லை" என்றாள். இரண்டு அடி நடந்துவிட்டுத் திரும்பினாள். "ஆனால் உதை வீட்டுக்கை கொண்டு வராதேங்கோ."

மோதிரம் காருக்குள் கிடந்தது. விடிய வந்து பார்த்தபோது கார்க் கண்ணாடியில் பார்க்கிங் ரிக்கெற் செருகியிருந்தது. அன்ரனெற் அதைப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டாள். கிளிபோட் பிழையான இடத்தில் நிறுத்தியதாலும் அது நடந்திருக்கலாம். ஆனால் அதை அவன் வாயால் சொல்ல முடியாது.

செவ்வாய்க்கிழமை மாதக் கடைசி. அன்று மாலை கோயிலில் அந்தோனியார் நவநாள். தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோனியார். ஒருவருக்கும் வேண்டாத பொருளையும் அவர் காலடியிலேயே போட்டுவிடுவதென்று அன்ரனெற் தீர்மானித்தாள். கோயில் முடிய நேரே கடைக்கு. மெஷின் ரெஜிபோமுக்குள் படுத்து, பெட்டியோடு டிக்கியில் இருந்தது. வயரைப் பழையபடி கம்பியால் கட்டியது கிளிபோட்தான். சவப்பெட்டிக்கு ஆணி அடிப்பவன்போல் இருந்து கட்டினான்.

அந்தோனியாரடியில் வேரோனிக்கா அக்கா மெழுகுதிரி ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்றார். கிளிபோட்டைக் கண்டதும் முகத்தை இரக்கமாக்கினார்.

"அரிசி முடிஞ்சுதோ தம்பி?"

அன்ரனெற் காது கேளாதவள்போல் உண்டியலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கிளிபோட் டப்பாவை எடுத்தான். உண்டியலுக்கு முன்னால் ஒருவர் முழங்காலில் இருந்தார். நெற்றியில் மூன்று குறி திருநீறு. செவ்வாய்களில் சைவக்காரர் வருவது புதினமில்லை. அந்தோனியார் ஆளைப் பார்த்து உதவி செய்கிறவரில்லை. ஆனால் இவர் எழும்புகிற மாதிரித் தெரியவில்லை.

"ஐயா, கொஞ்சம் விலத்தினீங்களெண்டால் இதைப் போட்டிட்டுப் போயிடுவன்."

"ஒரு நிமிசம் அண்ணை. கடைசி வாரம். நேத்திக்கடன் முடியுது." அவர் மூக்கை உறிஞ்சினார். "மோதிரம் ஒண்டு துலைச்சுப் போட்டன். நீலக்கல்லு. ரொட்டிக்கு மாக் குழைக்கக் கழட்டி வைச்சனான். சிங்குக்குள்ளாலை போயிட்டுதெண்டு மனிசி சொன்னவ. சிங்கை உடைச்சுத் தேடினம், குழாயை வெட்டித் தேடினம், கடைசியிலை குசினியே இல்லை."

கிளிபோட் டப்பாவைச் சட்டைப் பைக்குள் வைத்தான். குரல் எங்கேயோ கேட்ட குரல்.

"அது போன நாளிலை இருந்து வீட்டிலை சனியன் பிடிச்சிட்டுது" என்றார் தியாகலிங்கம். "மகன் சோதினை பாஸ் பண்ணிட்டான், இனிக் கார் என்ரை கையிலை இல்லை. இஞ்சை வாறதுக்கு ரெண்டு பஸ் மாறினனான். மாமிக்கு விசா குடுத்திட்டாங்கள். ரிவி அவவின்ரை கையிலை. குசினி இல்லாததாலை மூண்டு நேரமும் கடைக் கொத்துரொட்டி. மோதிரம் இருக்கேக்கை எவ்வளவு நிம்மதியா இருந்தனான் தெரியுமோ?"

கிளிபோட் அன்ரனெற்றைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். யூனியன்வில் வாசலில் கெஞ்சிய பெண்ணை இருவருக்கும் ஞாபகம் இருந்தது. டிக்கியில் கிடக்கும் மெஷினும் ஞாபகம் இருந்தது. அன்ரனெற் திரும்பி வேரோனிக்கா அக்காவைப் பார்த்தாள். அவர் பர்சைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார், அனேகமாகக் கிளிபோட்டுக்குக் கொடுக்க.

"குடுங்கோ" என்றாள் அன்ரனெற்.

டப்பா திறந்ததும் தியாகலிங்கத்தின் வாயும் திறந்தது. வந்த சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது.

"எங்கை... எங்கை எடுத்தனீங்கள்?"

"புளஃபர்ஸ் பார்க்கிலை. மணலுக்கை" என்றான் கிளிபோட். அதற்கு மேல் சொன்னால் சந்திரவதனாவைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். நல்ல காலம், மிச்சத்தைத் தியாகலிங்கமே சொன்னார்.

"சிங்குக்குள்ளாலை போனது லேக்குக்குத்தானே வந்து சேரோணும். அந்தோனியார் கரையிலை ஒதுக்கி உங்களைக் கூட்டிவந்து காட்டியிருக்கிறார்." அவர் கிளிபோட்டின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "தாங்ஸ் அண்ணை. கோடி தாங்ஸ்."

"ஒருக்கால் சரியாக் கேக்கேல்லை" என்றாள் அன்ரனெற்.

தியாகலிங்கம் திரும்பவும் சொன்னார், இன்னும் பெலமாக. சனம் கூடியது. வேரோனிக்கா அக்கா பர்சை மூடினார்.

"அப்ப தம்பி பார்க்கிலை தேடித் திரியிறது உதுக்கோ?"

"வேற என்னத்துக்கு அக்கா?" என்றாள் அன்ரனெற். "அந்த அரிசியை ஆரும் கஷ்டப்பட்ட ஆக்களுக்குக் குடுங்கோ. நாங்கள் திறக்கேல்லை."

அன்று கார் கடைப்பக்கம் திரும்பாமல் வீட்டுக்குப் போனது. அன்ரனெற் ரெஜிபோமைத் தானே உடைத்துக் குப்பைக்குள் போட்டாள். அடுத்த ஞாயிறு கோப்பி குடிக்கும் இடத்தில் ஒருவர் காதுத்தோடு தொலைந்ததையும் இன்னொருவர் வீட்டுச் சாவி தொலைந்ததையும் கிளிபோட்டிடம் சொன்னார்கள்.

இரண்டு கிழமை கழித்து, கோயிலில் தியாகலிங்கம் வாங்கிப்போன நம்பருக்குச் சந்திரவதனா போன் எடுத்தாள். குரலில் கோபமில்லை. களைப்புத்தான் இருந்தது.

"குடுத்திட்டீங்கள் அண்ணை."

"தங்கச்சி, நான்…"

"பறவாயில்லை. ஜனா நேத்துக் காரை இடிச்சுப்போட்டான். இவர் குளிக்கக் கழட்டி வைச்சவர், எடுத்துக்கொண்டு ஹைலன்ட் கிறீக்கடியிலை நிக்கிறன். ஓடுற தண்ணி. இந்த முறை பிழை வரப்படாது. எனக்குத் திரும்பிப் பாக்கேலாது. நீங்கள் வந்து நிண்டு விழுந்ததோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

கிளிபோட் போனான். அவள் தண்ணீருக்கு முதுகைக் காட்டி, கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டு நின்றாள். ஏதோ முணுமுணுத்துவிட்டுத் தோளுக்கு மேலால் எறிந்தாள். மோதிரம் வெயிலில் ஒருமுறை மின்னி, ஒரு மேப்பிள் கிளையில் பட்டு, கரையில் கிடந்த புல்லுக்குள் விழுந்தது. தண்ணீர் அந்தப் பக்கம் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

"விழுந்ததோ அண்ணை?"

கிளிபோட் புல்லைப் பார்த்தான். சனி பகவான் வொலிபோல் வலைக்குக் கீழே நின்ற காலத்தில்தான் இந்தப் பெண்ணின் வீட்டில் எல்லாம் சரியாக நடந்தது. தண்ணீரில் விழுந்தால் அவளுடைய மனிசன் சாகும் மட்டும் அந்தோனியாரடியில் முழங்காலில் இருப்பார்.

"ஓம் தங்கச்சி. நடுத் தண்ணியிலை."

"தாங்ஸ் அண்ணை" என்றாள். திரும்பிப் பார்க்காமல் காரடிக்கு நடந்தாள்.

அதை அன்ரனெற் கேட்காமல் போனது அவனுக்குக் கொஞ்சம் மனவருத்தம். மோதிரத்தைச் சப்பாத்து நுனியால் மண்ணுக்குள் அமத்தி, மேலால் ஒரு பியர் மூடியை வைத்தான். மேப்பிள் மரத்தைக் குறித்துக்கொண்டான். மோதிரத்தைக் கேட்டுத் தியாகலிங்கம் செவ்வாய்க்கிழமை எப்படியும் கோயிலுக்கு வருவார்; அப்போது அன்ரனெற்றும் பக்கத்தில் நிற்பாள்.