நாலாம் எண்

என் மகள் மங்கையற்கரசி பார்த்த வேலைக்கு டேட்டா என்ட்ரி என்று பெயர். ஊராட்கள் நிரப்பிக் கொடுத்த படிவங்களைப் பார்த்துக் கொம்பியூட்டரில் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன், கல்லடி மீன்வாடியில் ஐஸ் உடைக்கிறவன். கதிரையில் இருந்தபடி செய்வதெல்லாம் எனக்கு வேலையாகவே தெரிந்ததில்லை. ஆனாலும் அதற்கு ஓம் என்றது நான்தான். காத்தான்குடி ஏஜென்ட் சரீப் அவளைக் குவைத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்பச் சொல்லி இரண்டு தரம் வந்து கேட்டார். தாயில்லாத பிள்ளை, கண்ணுக்குமுன்னே இருக்கட்டும் என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, இவளை நாவற்குடா ஒப்பீசுக்கு நாள்தோறும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன்.

அது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மார்கழி. வாகரைப் பக்கம் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. சனம் காட்டாலும் கடலாலும் வந்து சேர்ந்தது. நாவற்குடாவில் வாவியோரத் தென்னந்தோப்பு ஒன்றில் முகாம் போட்டார்கள். மாங்கேணியிலிருந்து என் தங்கை இராசாத்தியும் அங்கேதான் வந்திருந்தாள், மகன் கோணாமலையோடும் மருமகளோடும்.

கோணாமலைக்குப் பதினாறு வயது. பெண்டாட்டிக்கு அதைவிட ஒன்று குறைவு. வீட்டுக்கு ஒரு பிள்ளை தா என்று இயக்கம் படலைக்கு வந்து கேட்கிற காலம். கலியாணம் முடித்தவனைக் கேட்பதில்லை. அதனால் மீசை முளைக்குமுன்னே தாலி கட்டி வைத்தார்கள். பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் தன் மகன் துசாந்தனுக்கும் அதே கோயிலில் அதே முகூர்த்தத்தில் கட்டி வைத்தாள். இரண்டு கலியாணத்துக்கும் ஒரே பானைச் சோறு. இப்போது முகாமிலும் பக்கத்துப் பக்கத்துக் கூடாரம். இந்தக் கரைக்கு வந்த பிறகும் பிள்ளை பிடிக்கிறவர்கள் இல்லாமல் போகவில்லை. இவர்கள் இயக்கத்தை விட்டுப் பிரிந்து வந்தவர்கள். ஆள் வேறு, கேள்வி ஒன்று.

முகாம்காரர் நிரப்பிய படிவமெல்லாம் மகளின் ஒப்பீசுக்கு வந்தது. ஆறு பெண்பிள்ளைகள் அடித்தார்கள். ஆளுக்கொரு எண். அடிக்கிற ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அடித்தவளின் எண் தானாக விழும். அதைப் பார்த்துத்தான் சம்பளம். என் மகள் நாலு.

ஒரு பின்னேரம் வேலை விட்டு வரும்போது அவள் சைக்கிளின் பின்னாலிருந்து சிரித்தாள்.

"அப்பா, இண்டைக்குக் கொம்பியூட்டர் எங்கட சனத்தோட சண்டை பிடிச்சிட்டு."

"என்னவாம்?"

"பதினெட்டுக்குக் குறைஞ்சவனுக்குக் கலியாணம் எண்டு அடிச்சா எடுக்காதாம். கொழும்பில அப்பிடிச் செஞ்சு அனுப்பியிருக்கானுகள். என்ட படிவக் கட்டில மட்டும் இருவத்திமூணு பேர். கனகசிங்கம் சேர் சொன்னார், வயசை மாத்து, இல்லாட்டிக் கலியாணத்தை எடு, எது கெதியா முடியுமோ அதைச் செய் எண்டு. வயசை மாத்தினாப் பிறந்த வருசத்தையும் மாத்தோணும். நான் கலியாணத்தை எடுத்திட்டன். ஒரு தட்டுத்தான்."

நான் சைக்கிளை நிறுத்திவிட்டேன்.

"கோணாமலைக்குமா?"

"ஓம், அவனுக்குந்தான். என்னப்பா, கொம்பியூட்டருக்குள்ளதானே. மச்சாள் என்ன ஓடியா போகப் போறாள்?"

"அந்தப் பேரெல்லாம் மறுகா எங்க போகும்?"

"அச்சடிச்சு முகாம் மடுவத்துச் சுவரில ஒட்டுவாங்க. பிழை கிடந்தாச் சனம் பாத்துச் சொல்லத்தானே. நாளைக்குப் பத்து மணிக்கு..." என்று தொடங்கினாள். அவளுக்கும் விளங்கிவிட்டது.

தொண்ணூறாம் ஆண்டில் ஒருவன் வந்து என் தம்பியின் பெயரைக் கொப்பியில் எழுதினான். நிவாரணத்துக்கு என்றான். மறுநாள் அந்தக் கொப்பியைப் பார்த்துத் தம்பியைக் கூப்பிட்டார்கள். போனவன் போனவன்தான். நிவாரணமும் வரவில்லை. அன்று தொடக்கம் எழுதுகிறவனை நான் நம்புவதில்லை. இப்போது எழுதுகிறது என் பிள்ளை.

"காலையில வெள்ளனப் போய் அவனுக்குப் பதினெட்டு எண்டு போடு. கலியாணத்தையும் திருப்பிப் போடு" என்றேன்.

"இருவத்திமூணையும் மாத்துறன். எட்டுக்குப் போனாப் பத்துக்குள்ள முடிப்பன்."

"வேணா. அவனை மட்டும் மாத்து."

"அப்பா, மத்ததுகளும் புள்ளையள்தானே?"

"எல்லாத்திலயும் கை வெச்சா உன்ட சேர்ட கண்ணில படும். வேலை போயிடும். மறுகா குவைத்தில போய்க் கக்கூஸ் கழுவுவியா? சொன்னதைச் செய் புள்ள."

மறுநாள் எட்டு மணிக்குக் கொண்டுபோய் விட்டேன். சொன்னதைச் செய்தாள்.

பட்டியலை ஒட்டி மூன்றாம் நாள், மத்தியானம், இராசாத்திக்குக் கொஞ்சம் மீன் கொண்டுபோனேன். மழை விட்டிருந்தது. தோப்புக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். பெண்கள் சோற்றுக்கு வரிசையில் நின்றார்கள். வான் ஒன்று வந்து மடுவத்தடியில் நின்றது. நாலு பேர் இறங்கினார்கள். சத்தம் போடவில்லை, துவக்கைத் தூக்கிக் காட்டவுமில்லை. ஒருவன் சுவரில் ஒட்டிய தாளில் விரலை வைத்து மேலிருந்து கீழாக வாசித்தான். நின்று நின்று கூடார இலக்கம் சொன்னான். மற்ற மூவரும் அந்தந்தக் கூடாரத்துக்கு நடந்தார்கள். கடைக்குச் சாமான் துண்டு கொண்டு வந்தவர்கள்போல.

முப்பத்தொன்று என்றான். அது சின்னத்தங்கத்தின் கூடாரம். துசாந்தன் சாரத்தை மடித்துக் கட்டியபடி வெளியே வந்தான். "இவனுக்குக் கலியாணம் முடிஞ்சிட்டு மகன், இந்தா பாருங்க பொஞ்சாதி" என்று சின்னத்தங்கம் மருமகளின் தாலியைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். வந்தவன் சிரித்தான். "சும்மா இருங்கம்மா. நீங்க எழுதிக் குடுத்ததைத்தானே வாசிக்கிறம்" என்றான்.

பக்கத்தில் முப்பத்திரண்டு, இராசாத்தியின் கூடாரம், வாசலில் நான். கோணாமலை உள்ளே என் முதுகுக்குப் பின்னால் இருந்தான். அவன் மூச்சு என் கழுத்தில் பட்டது. அவர்கள் எங்களைத் திரும்பியும் பார்க்காமல் கடந்து போனார்கள். அன்று ஒன்பது பொடியன்கள் அந்த வானில் போனார்கள்.

வான் போன பிறகு சின்னத்தங்கம் அழவில்லை. மருமகளைக் கூட்டிக்கொண்டு மடுவத்துக்குப் போய்த் தாளை வாசிக்கச் சொன்னாள். அந்தப் பெண் எழுத்துக் கூட்டி வாசித்தாள். துசாந்தன், பதினாறு, மணமாகாதவர். கோணாமலை, பதினெட்டு, மணமானவர். இரண்டு வரியின் கடைசியிலும் நாலு. கனகசிங்கம் எண்ணை மறைக்காமல் அப்படியே அச்சடித்திருந்தார்.

சின்னத்தங்கம் எங்களிடம் வந்தாள்.

"ஒரே கோயில், ஒரே ஐயர், ஒரே பானைச் சோறு. உன்ட மகனுக்கு மட்டும் எப்பிடிக்கா ரெண்டு வயசு கூடினது?" என்று இராசாத்தியைக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இந்த நாலு ஆரு, அண்ணே?"

நான் மீன் பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இராசாத்திக்கு நாங்கள் செய்தது ஒன்றும் தெரியாது. பயத்தில் வாய் நிற்கவில்லை. "எனக்கென்னடி தெரியும்? எங்கட அண்ணன்ட மகள்தான் அங்க அடிக்கிறாள், அவளைக் கேட்டாத் தெரியும்" என்றாள். சுற்றி முப்பது பேர் நின்றார்கள். முகாமில் ஒரு வாய் சொன்னால் வெளியே பத்துக் காது கேட்கும்.

அன்று பின்னேரம் மகளிடம் ஒன்பது என்று மட்டும் சொன்னேன். அவள் பெயர்களைக் கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரல் மடங்கியது. சாப்பிடவில்லை.

காலையில் புறப்படும்போது, "புதுக் கட்டு வந்திருக்கு அப்பா, கதிரவெளிச் சனம். இனி எல்லாருக்கும் பதினெட்டுத்தான் போடுவன், நீங்க ஒண்டும் சொல்லப்படா" என்றாள். நான் சைக்கிளை மிதித்தேன்.

ஒப்பீஸ் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. ஒருவன் அதில் சாய்ந்து பிளேன்டீ குடித்தபடி கனகசிங்கத்தோடு பேசினான். கனகசிங்கத்தின் முகம் கழுவிவிட்ட பீங்கான்போல் வெளிறியிருந்தது. நாங்கள் கிட்டப் போக அவன் பேச்சுக் கேட்டது. நல்ல மரியாதையான பேச்சு.

"கோவிக்காதீங்க சேர். அந்த நாலாம் நம்பர் புள்ளையோட ஒரு கதை கதைக்கோணும். வயசு மாத்தத் தெரிஞ்ச புள்ள எங்களுக்கும் தேவைதான்."

கனகசிங்கம் எங்களைக் கண்டார். கண்டும் காணாதவர்போல் வானத்தைப் பார்த்தார். அந்த மனிசன் செய்த ஒரே நல்ல காரியம் அது. நான் மிதிப்பதை நிறுத்தவில்லை.

"அப்பா, ஒப்பீஸ் தாண்டிட்டு" என்றாள் மகள், மெதுவாக.

"ஓம்."

"மிச்சக் கட்டு மேசையில கிடக்கு. அதை ஆரு அடிப்பா?"

"பின்னால பாக்காத. தலையைக் குனி."

காத்தான்குடி வரை எனக்கு மூச்சு மிதிக்க மட்டும்தான் இருந்தது. சரீப் கடையைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார்.

"வாங்க அண்ணன். மூணாந்தரம் நீங்களே வந்திட்டீங்க" என்று சிரித்தார். எங்கள் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பை விட்டார். கதிரை போட்டார். மேசை லாச்சியைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து வைத்தார்.

"பேரு, வயசு, கலியாணம் முடிச்சதா இல்லையா, எல்லாத்தையும் சரியா எழுதுங்க மகள்."

மங்கையற்கரசி பேனையை எடுத்தாள். பெயரை எழுதினாள். வயது என்ற இடத்தில் பேனை நின்றது. என்னைப் பார்த்தாள்.

"முன்னம் என்ன வேலை பார்த்த புள்ள?" என்று சரீப் கேட்டார்.

அவள் வாய் திறக்குமுன் நான் சொன்னேன்.

"ஒரு வேலையும் பார்க்கல்ல."