தேறிய பலகைகள் மட்டும்

ஆம்பூரில் முனீர் அகமது சாயபுவின் தோல் மண்டியில் தரம் பிரிப்பவராக இருந்தார் அப்துல் ஹமீத். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினாலே ஆட்டுத்தோலில் உண்ணி கடித்த இடம் எது, முள் கிழித்த இடம் எது என்று சொல்லிவிடுவார். கல்யாணத்தன்று மாமனார் போர்த்திய பட்டுத் துண்டைத் தடவிப் பார்த்து, "ரெண்டாம் நம்பரு" என்று வாய்விட்டுச் சொன்ன மனிதர். மாமனார் அதன்பிறகு அவரோடு நான்கு வருஷம் பேசவில்லை.

1932ஆம் வருஷம் மார்ச்சு மாதம் லண்டனிலிருந்து மண்டிக்கு ஒரு பெட்டி வந்தது. முப்பது வருஷமாகத் தோல் வாங்கும் கம்பெனியின் அன்பளிப்பு. உள்ளே ஒரு பொம்மைப் பாய்க்கப்பல், இருநூற்றுப் பதினெட்டு மரத்துண்டுகளாக. ஒட்டிச் சேர்க்க ஒரு வரைபடமும் இருந்தது. அடுத்த மாதம் வரும் எங்கள் ஏஜெண்டு கட்டி முடித்த கப்பலைக் காண ஆவலாயிருப்பார் என்று கடிதம் சொன்னது.

வண்டி செய்யும் ஆசாரி துரைசாமியைச் சாயபு வரவழைத்தார். ஆசாரி பெட்டியில் கை வைக்கும் முன்பே ஹமீதின் விரல் ஒரு பலகைமேல் ஓடிவிட்டது. பழக்கதோஷம். ஓடிய விரல் பாதியில் நின்றது.

"சாயபு, இது ரிஜக்ட்டு."

"இன்னா சொல்றே? கப்பலு அது."

"கப்பலா இருந்தா இன்னா, கட்டிலா இருந்தா இன்னா? இங்க முடிச்சு. இங்க புழு ஓட்டை. ஒரு பக்கம் தடிப்பு ஜாஸ்தி, ஒரு பக்கம் கம்மி. இந்தக் குச்சியப் பாருங்க, வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு."

சாயபு நாற்காலியில் மெல்லச் சாய்ந்தார். முப்பது வருஷமாக லண்டனிலிருந்து அவருக்கு வந்ததெல்லாம் ஒரே மாதிரிக் கடிதம்: தோலில் கத்தி வெட்டு, தோலில் ஓட்டை, தோலில் சுருக்கம்.

"ஹமீத் பாய், எல்லாத்தையும் பாத்துடு," என்றார். "தோல் பாக்குற மாதிரியே பாரு. தயவு தாட்சண்யம் வேணாம்."

மூன்று நாள் ஆயிற்று. குடியாத்தத்திலிருந்து தோல் ஏற்றி வந்த வண்டிகள் வாசலில் காத்துக் கிடந்தன. ஹமீத் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு பலகையையும் வளைத்தார், முகர்ந்தார், காதருகே வைத்து நகத்தால் தட்டினார். கடைசியில் தேறியவை பதினொன்று: பெரிய பாய்மரம், சுக்கான், மேல்தளப் பலகை ஆறு, ஏணி இரண்டு, கட்டைவிரல் அளவு படகு ஒன்று.

"அடிப்பக்கமே இல்லியே சாயபு," என்றார் துரைசாமி. "கப்பலு எதுமேல நிக்கும்?"

"அடிப்பக்கம் தரம் தேறல. நா இன்னா பண்றது? தொங்கவுடு," என்றார் சாயபு.

ஆசாரி கண்ணாடிப் பெட்டி ஒன்று செய்து, பதினொரு துண்டுகளையும் அதனதன் இடத்தில் நூலில் தொங்கவிட்டார். நடுவே வெறும் காற்று. ஹமீதுக்கு அந்தக் கப்பலைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைந்தது. ஒரு குறை சொல்ல முடியாது அதில்.

ஏப்ரலில் ஏஜெண்டு துரை வந்தார். மதராஸில் தமிழ் பழகியவர். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி இருமுறை நடந்தார்.

"இதுக்கு அடி எங்கே?"

"ரிஜக்ட்டு, துரை," என்று ஹமீத் ஒரு சாக்கை அவிழ்த்துக் காட்டினார். இருநூற்றேழு துண்டுகள், ஒவ்வொன்றிலும் சுண்ணாம்புக் குறி. துரை ஒன்றை எடுத்து லேசாக வளைத்தார். படக்கென்று ஒடிந்தது. அவர் காது சிவந்துபோயிற்று.

பிறகு தோல் பார்க்கப் போனார்கள். முதல் தோல்கட்டிலேயே துரையின் விரல் ஓர் ஓட்டையில் நுழைந்தது. வாயைத் திறந்தவர், திரும்பிக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். விரலை உருவிக்கொண்டார்.

"எல்லாம் முதல் தரம்."

ஹமீதுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "துரை, அந்தக் கட்டு மூணாம் நம்பரு! நானே எழுதி வெச்சிருக்கேன்."

"முதல் தரம்," என்றார் துரை, திரும்பாமலே.

சாயபு ஹமீதின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "வாய மூடிக்கினு இரு பாய்!"

ஹமீத் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார், துரை ஜட்காவில் ஏறும் வரைக்கும். அதற்குமேல் தாங்கவில்லை. அந்தக் கட்டிலிருந்து நான்கு தோலை உருவித் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார். காட்பாடிப் பக்கம் போகும் ரயில் ஊதிவிட்டது. முதல் வகுப்பு ஜன்னலில் துரை தெரிந்தார்.

"துரை! இத பாத்துட்டுப் போங்க!" ஹமீத் ஓட்டையில் விரலை விட்டு ஆட்டிக்கொண்டே வண்டியோடு ஓடினார். "நீங்களே சொல்லுங்க, இது முதல் தரமா?"

துரை ஜன்னல் பலகையை இழுத்துச் சாத்தினார். ரயில் போய்விட்டது.

பிளாட்பாரத்தில் கொய்யாப்பழம் விற்கும் கெங்கம்மாள் எழுந்து வந்தாள். "தோலு விக்கிறியா பாய்?"

"இல்லம்மா. வாங்காத. பூரா ஓட்டை."

அவள் ஒரு தோலை இழுத்து வெயிலில் பிடித்தாள். "நல்லாத்தானே கீது?"

ஹமீத் பெருமூச்சு விட்டார். பெஞ்சில் உட்கார்ந்து, தோலை மடியில் விரித்து, கழுத்துப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு குறையாக அவளுக்குக் காட்ட ஆரம்பித்தார்.