இரைகிற கிட்டாரும் இரையாத கிட்டாரும்

1

இந்தக் கதை எனக்குப் பெங்களூரிலிருந்து ஓசூர் வரும் பஸ்ஸில் கிடைத்தது. முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள் ஒரு கிட்டாரைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஏதோ ஒரு அமெரிக்க வித்வானின் கையெழுத்தைத் தலையில் பொறித்து விற்ற எலெக்ட்ரிக் கிட்டார். அதில் முதலில் வந்ததுதான் உசத்தி என்றான் ஒருவன். ஐந்து வருஷம் கழித்து வந்ததுதான் எல்லா வேலைக்கும் ஆகும் என்றான் மற்றவன். அத்திப்பள்ளி வருவதற்குள் முதலாமவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டுவிட்டான்.

எனக்குக் கிட்டாரில் ஒரு கம்பியும் தெரியாது. ஆனால் அந்தக் குரல் தெரியும். பக்கத்தில் இருப்பவன் கையில் உள்ளதைப் பற்றி வயிறெரியப் பேசுகிறவனின் குரல். அவர்கள் சொன்ன இரண்டு கிட்டார்களும் ஐம்பதுகளில் செய்யப்பட்டவை என்பதால் கதையும் அங்கே போய்விட்டது. நான் பின்னாலேயே போனேன்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘மாமரங்கள் பூத்துக் குலுங்கிய ஒரு பொன்மாலையில் கங்கப்பன் தன் பொன்னிறக் கிட்டாரை எடுத்து—’

வேண்டாம். ஒரே வாக்கியத்தில் இரண்டு பொன். நேராகவே சொல்கிறேன்.

2

கங்கப்பன் நாகரசம்பட்டிக்காரன். மாந்தோப்புக் குடும்பம். தோப்பைப் பார்த்துக்கொள் என்று அப்பா சொன்னால் மைக் செட் வாங்கி வாடகைக்கு விடுகிறேன் என்பான். ஸ்பீக்கர் இரைந்தாலும் ஆம்ப்ளிஃபயர் செத்தாலும் பிரித்துப்போட்டு ஈயம் பற்றவைத்து உயிர் கொடுத்துவிடுவான். அதில் அவனுக்குக் கெட்டிக்காரன் என்ற பெயர்.

அவர்கள் தோப்பு மாம்பழத்துக்குப் பெங்களூரில் ஒரு வாடிக்கைக்காரர் இருந்தார். ஃபாக்டரியில் மிஷின் பூட்ட வந்த அமெரிக்க இன்ஜினியர். எல்லோருக்கும் அவர் ‘துரை’. ஒருநாள் கூடையை இறக்கப் போன கங்கப்பன் உள்ளேயிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டான். துரை வாசித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு ஞாயிறு தவறாமல் மாம்பழம் போனது. மாம்பழம் இல்லாத மாதங்களிலும் கங்கப்பன் வாசிக்கக் கற்றுக்கொள்ளப் போனான். துரைக்கு ஊரிலிருந்து கப்பலில் புதுக் கிட்டார் வந்தபோது பழையதை அவனிடமே கொடுத்துவிட்டார்.

மேல்பலகை முழுக்கத் தங்க வண்ணம். தலையில் அந்த வித்வானின் கையெழுத்து. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கல்யாணப் பாட்டுக் கச்சேரிக்கு எலெக்ட்ரிக் கிட்டாரோடு வருகிறவன் கங்கப்பன் ஒருவன்தான். கிட்டாரைத் தொட்டுப் பார்க்கவே மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் நிற்பார்கள்.

(இவ்வளவு இருக்கிறவனுக்கு எதற்குப் பொறாமை என்று கேட்கிறீர்கள். இல்லாதவனுக்கு வருவது ஆசை. பொறாமை வர ஏதாவது கொஞ்சம் கையில் இருக்க வேண்டும்.)

3

துரை வீட்டுக்குப் போகும்போது ஆம்ப்ளிஃபயரைத் தூக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. கங்கப்பன் மதுரைவீரனைக் கூட்டிப்போனான். மதுரைவீரனின் அம்மா கெம்பம்மா தோப்பில் காய் பறிக்கிறவள். அவனுக்குப் பெங்களூர் ஃபாக்டரியில் லேத் வேலை கிடைத்திருந்தது. ஞாயிறு லீவு. கங்கப்பன் ஓய்வெடுக்கும்போது மதுரைவீரன் தங்கக் கிட்டாரை மடியில் வைத்து லொட்டு லொட்டென்று தட்டிக்கொண்டிருப்பான். கங்கப்பனுக்கு அது வேடிக்கையாக இருந்தது. நாலு மெட்டுகள் அவனே சொல்லியும் கொடுத்தான்.

ஒரு ஞாயிறு துரை காபியைக் கீழே வைத்துவிட்டு மதுரைவீரனையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று கங்கப்பனுக்கு வேடிக்கையாக இல்லை.

துரை ஊருக்குத் திரும்புவது ஃபாக்டரியில் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. நாகரசம்பட்டிக்குத் தெரியவில்லை. கங்கப்பன் கூடையோடு போய் நின்றபோது வீடு பூட்டியிருந்தது. துரை கொடுத்துவிட்டுப் போன புதுக் கிட்டார் மதுரைவீரன் கையில் இருந்தது.

“ஏன்டா, துரை போறாருன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொல்லணும்னுதாங்ணா இருந்தேன். ஷிஃப்டு மேல ஷிஃப்டு. முடியலே.”

‘அண்ணா’ என்றான். அதுவரை ‘சின்னய்யா’.

4

இந்த இடத்தில் எனக்கு மதுரைவீரன் மேல் சந்தேகம் வந்து எழுதுவதை நிறுத்தினேன். ஏழை, கெட்டிக்காரன், நல்லவன் என்று அவனை எழுதிவிட்டால் வாசகர் அவன் பக்கம் சாய்ந்துவிடுவார், எனக்கும் வேலை மிச்சம். ஆனால் ஷிஃப்டு மேல் ஷிஃப்டு என்று அவன் சொன்னது பொய். துரை புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு லீவு போட்டு அவன் நாகரசம்பட்டிக்கு வந்தான், கெம்பம்மா கையால் களி தின்றான், கங்கப்பனைப் பார்க்காமலே போனான். சொன்னால் கிட்டார் கை மாறிவிடும் என்று பயந்தான். அந்தப் பொய்யை நான் அவனிடமிருந்து எடுத்துவிடப் போவதில்லை.

5

ஜூஜுவாடியில் திம்மப்பன் டூரிங் டாக்கீஸ் போட்டிருந்தான். கூடாரத்துக்குள் இருட்டு விழுந்த பிறகுதான் படம் ஓட்ட முடியும். அதுவரை ஜனத்தைப் பிடித்துவைக்க ஒரு கிட்டார்க்காரன் வேண்டும் என்றான். அவன் பாதி கன்னடம், பாதி தமிழ்.

“நாளைக்கி சாயங்காலம் ரெண்டு பேரும் வாசிங்க. யாரு சென்னாகி, நல்லா வாசிக்கிறாங்களோ அவுங்களே இங்க பர்மனென்ட்.”

அன்றைக்கே கங்கப்பன் மதுரைவீரனிடம் புதுக் கிட்டாரைக் கேட்டு வாங்கினான். “ரெண்டையும் ஒரே ஆம்ப்ளிஃபயர்ல போட்டு ஒத்துப் பாக்கணும்டா. காலையில தந்துடறேன்.” மதுரைவீரன் தயங்கினான். துரை விஷயத்தில் செய்தது உறுத்தியிருக்க வேண்டும். கொடுத்துவிட்டான்.

தோப்பு ஷெட்டில் கங்கப்பன் இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தான். நியாயமாகத்தான் ஒப்பிட்டான். தங்கக் கிட்டாரில், கம்பிகளைத் தாங்கும் குதிரைக்கு அடியில் கம்பி சுற்றிப் போகும். அதனால் உள்ளங்கையை வைத்துக் கம்பியை அமுக்க முடியாது. புதியதில் கை சுகமாகப் படுத்தது. கம்பியை அமுக்கித் தட்டினால் தவில் மாதிரி பேசியது. கழுத்துப் பக்கம் வீணை, குதிரைப் பக்கம் கிளாரினெட். தங்கக் கிட்டாருக்கு இரண்டு குரல் என்றால் இதற்கு ஐந்தாறு. உச்சத்தில் ஓர் அழுகை மட்டும் தங்கக் கிட்டாரில் கூர்மையாக விழுந்தது. அதைத் திரும்பத் திரும்ப வாசித்துத் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

தேற்றிக்கொள்ள முடியாத ஒன்றும் இருந்தது. தங்கக் கிட்டாரைப் பூட்டியதுமே ஆம்ப்ளிஃபயர் ‘ஊம்ம்’ என்று இரையும். கரண்டின் இரைச்சல். கச்சேரிகளில் வாசிப்புக்கு நடுவே விடுகிற மௌனத்தையெல்லாம் அது தின்றுவிடும். புதுக் கிட்டாரைப் பூட்டினால் ஒன்றுமே கேட்கவில்லை. ஷெட் கூரையில் அணில் ஓடுவது கேட்டது.

சாப்பாடு கொண்டுவந்த பூவம்மாள், அவன் பெண்சாதி, வாசலில் நின்றாள்.

“ஏங்க, இது எவ்ளோ சும்மா இருக்குது! நம்முது ஏன் எப்பவும் உறுமிக்கினே கெடக்குது?”

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். சோறு ஆறிப்போனது.

(கம்பியின் அதிர்வைக் கரண்டாக்குவது அதன் கீழே காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் சேர்ந்திருக்கும் ‘பிக்கப்’. தங்கக் கிட்டாரில் ஒவ்வொரு பிக்கப்பிலும் ஒரே சுருள். புதியதில் பக்கம் பக்கமாக இரண்டு. ஒன்று வாங்கும் இரைச்சலை இன்னொன்று கழித்துவிடும். கதைக்கு இவ்வளவு போதும்.)

கங்கப்பன் பிக்கப்பின் வெள்ளிநிற மூடியை நெம்பினான். எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்குத்தான்— இந்த வாக்கியத்தை அவனுக்காக எழுதினேன். அவனே நம்ப மாட்டான். உள்ளே தலைமுடியை விட மெல்லிய கம்பி. இரண்டு சுருள்கள் சேரும் இடத்தில் ஒரு சொட்டு ஈயம் வைத்து அடித்தட்டோடு ஒட்டினான். ஒரு சுருள் ஊமையாகிவிட்டது. மற்றப் பிக்கப்பிலும் அப்படியே செய்தான். மூடிகளை அவசரமாகத் திரும்பப் பற்றவைத்தான். கிட்டாரை அவன் உடைக்கவில்லை. தன் கிட்டாரில் இருந்த இரைச்சலை அதற்கும் கொடுத்தான்.

பூட்டிப் பார்த்தான். ‘ஊம்ம்’ என்றது. அவனுக்குச் சிரிப்பு வந்தது.

6

மறுநாள் ஜூஜுவாடியில் பொழுது இறங்கும் நேரம். லாரிக்காரர்கள், சந்தையிலிருந்து திரும்பியவர்கள், எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கன்னட ஜனம், எல்லாம் மண் தரையில். கங்கப்பன் முதலில் வாசித்தான். நன்றாகவே வாசித்தான். ஜெனரேட்டர் கரண்டில் இரைச்சல் இரண்டு மடங்கானது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இடைவெளி விடாமல் ஓட்டிச் சமாளித்தான். கைதட்டினார்கள்.

மதுரைவீரன் பூட்டினான். இரைந்தது. கிட்டாரைப் புரட்டிப் பார்த்தான், ஒயரைப் பிடுங்கிச் சொருகினான், ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தான். அதற்குப் பக்கத்தில் நின்ற கங்கப்பனையும் பார்த்தான்.

“ஏனப்பா, ஆரம்பிக்கிறியா இல்லியா?” என்று திம்மப்பன் குரல் கொடுத்தான்.

பின்வரிசையில் விசில். கங்கப்பனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இன்னும் ஒரு நிமிஷம், இவன் எழுந்து போய்விடுவான் என்று காத்திருந்தான்.

மதுரைவீரன் குனிந்து இரைச்சலைக் கேட்டான். தடித்த கம்பி ஒன்றின் முறுக்கைத் தளர்த்தினான். கொஞ்சம், இன்னும் கொஞ்சம். இரைச்சல் இருந்த சுருதியில் கம்பியும் போய் நின்றது. தட்டினான். கம்பியும் கரண்டும் ஒரே சுருதி. மற்றக் கம்பிகளையும் அதற்கே சேர்த்தான். பிறகு அந்த ‘ஊம்’மின் மேல் மெல்ல நடந்தான். ஜெனரேட்டர் திணறி இரைச்சல் சரிந்தபோது கம்பியை இழுத்து அதனோடேயே சரிந்தான். அது ஏறியபோது கூடவே ஏறினான். வாசிப்பை நிறுத்தி வெறும் இரைச்சலை மட்டும் விட்டபோது ஜனமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டது.

இருட்டி வெகுநேரம் ஆகியும் படத்தைப் போடச் சொல்லி யாரும் கத்தவில்லை.

கங்கப்பன் அந்த இரைச்சலோடு வருஷக்கணக்காகக் குடும்பம் நடத்தியவன். ஒருநாளும் அதன் சுருதி என்ன என்று கேட்டதில்லை. புதுக் கிட்டாரைப் பார்த்து எரிந்த வயிற்றில் இப்போது எரிந்தது மதுரைவீரனின் காதைப் பார்த்து. பிடுங்கிக்கொள்ளவோ கெடுத்துவிடவோ அதற்கு மூடியும் இல்லை, சுருளும் இல்லை.

திம்மப்பன் மதுரைவீரனைத்தான் எடுத்தான்.

7

முடிவை இரண்டு தடவை எழுதி இரண்டையும் கிழித்தேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அடுத்த ஞாயிறு மதுரைவீரன் கிட்டாரோடு ஷெட்டுக்கு வந்தான்.

“அண்ணா, இந்த மூடிங்க லொடலொடங்குது. பத்த வெச்சுக் குடுங்க. உங்க கை மாதிரி யாருக்கும் வராது.”

கங்கப்பன் அவன் முகத்தைத் தேடினான். ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“உள்ள எதுனா பாக்கணுமா?”

“உள்ள ஒண்ணும் தொடாதீங்ணா. அந்த இரைச்சல் அப்பிடியே இருக்கட்டும். எனக்கு அது வேணும்.” வெளியே போகத் திரும்பியவன் நின்றான். “துரை போறத நான் சொல்லாதது தப்புதான். அம்மாவைப் பாத்துட்டு வரேன், அதுக்குள்ள முடிச்சு வைங்க.”

கங்கப்பன் மூடிகளை எடுத்தான். பழைய மங்கல் ஈயத்துக்கு நடுவே அவன் வைத்த சொட்டுகள் பளபளவென்று இருந்தன. ஒரு தொடுதலில் அவற்றை உருக்கி எடுத்துவிடலாம். அப்புறம் கிட்டார் இரையாது. துரை கொடுத்தபடியே ஆகிவிடும். செய்த தப்பைச் சரிசெய்தவன் ஆவான்.

மதுரைவீரனிடமிருந்து அந்தச் சுருதியைப் பிடுங்கியவனும் ஆவான்.

தொடாமல் மூடிவிட்டால் அவன் கேட்டதைக் கொடுத்தவன் ஆவான். செய்ததை உள்ளேயே வைத்துப் பூட்டியவனும் ஆவான்.

நான் கிழித்த இரண்டு முடிவுகளில் ஒன்றில் அவன் உருக்கினான், இன்னொன்றில் மூடினான். இரண்டிலும் அதைப் பொறாமையில் செய்தானா, பொறாமை தீர்ந்து செய்தானா என்று எனக்கே தெரியவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட பையனைக் கேட்டிருக்கலாம். அவன் ஓசூருக்கு முன்பே இறங்கிவிட்டான்.

பற்றவைக்கும் இரும்பு அடுப்பிலிருந்து எடுத்தாயிற்று. முனை சிவந்திருக்கிறது. கெம்பம்மா மகனை அவ்வளவு சீக்கிரம் விட மாட்டாள், ஆனால் இரும்பு ஆறிக்கொண்டிருக்கிறது. கங்கப்பன் கை சுருளுக்கு மேல் நிற்கிறது.

நீங்கள் சொல்லுங்கள், அவன் செய்யட்டும்.