பின்பலகையில் இரண்டு தாமரை

விழுப்புரம் ஜங்ஷனில் பையின் மேல் உட்கார்ந்துகொண்டு, கோகுலகிருஷ்ணன் தன் செல்லில் இருந்த போட்டின் படங்களைப் பிரான்சிஸுக்குத் தள்ளித் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தான். கேரளா வண்டி வர இன்னும் கால்மணி நேரம் இருந்தது. கொச்சிப் பக்கம் போட்டு கட்டும் யார்டில் எட்டு வருஷமாக வேலை பார்க்கிறவர் பிரான்சிஸ். அதே யார்டில் கோகுலுக்கும் பெயிண்டர் வேலை பேசி வைத்திருந்தார். நாளைக் காலை போய்ச் சேர வேண்டும்.

"லாரி ஷெட்டுலயா போட்டு பண்ண?"

"ஆமாண்ணே. திண்டிவனம் பைபாஸ்ல. ரெண்டு டாரஸ் லாரிக்கு நடுவுல ரெண்டு மாசம் நின்னுது. டிரைவருங்க டீ கிளாஸோட வந்து, கடலு எப்பப்பா திண்டிவனத்துக்கு வந்துச்சுன்னு கேப்பானுங்க."

போட்டு, பாண்டிச்சேரியை ஒட்டிக் கடலோரம் பொம்மையார்பாளையத்தில் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கும் சவுரிராயனுடையது. எங்கேயோ பழசாக வாங்கியது. அதன் வயிற்றுக்குள் இருந்த டீசல் இன்ஜின் இறுகிப் போயிருந்ததால் அதைத் தூக்கிக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, பின்னால் இரண்டு அவுட்போர்டு இன்ஜின் மாட்டுவதென்று முடிவாயிற்று. ஓட்டப்போவது கோகுலின் அக்கா புருஷன் ஆனந்தராஜ். "என் மச்சானே பெயிண்டருதான், ஃபைபர் வேலயும் தெரியும்" என்று சொல்லி, டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி, ஷெட்டுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

கோகுல் ஆறு பூச்சுப் பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்தான். உளுத்துப் போயிருந்த பின்பலகையை மாற்றினான். வெளியே வெள்ளை அடித்து, நீலக் கோடு இழுத்து, உள்ளே ஆகாய நீலம் பூசினான். கடைசியாகக் கடற்கரையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து பின்பலகையின் மேல்விளிம்பை வெட்டித் தாழ்த்தி, இன்ஜின்களை மாட்டிவிட்டுப் போனார்.

பிரான்சிஸ் ஒரு படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். போட்டின் உட்புறம், பின்பக்கம். மூலைக்கு ஒன்றாக இரண்டு தாமரைப் பூக்கள் வரையப்பட்டிருந்தன.

"பூவெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தண்ணி போற ஓட்டை எங்கப்பா?"

"எந்த ஓட்டைண்ணே?"

"பின்பலகையில, தரையோட தரையா இருக்கும். எலுமிச்சம்பழம் உருண்டு போற அளவுக்கு, ரெண்டு பக்கமும்."

"ஓ, அதுவா? இருந்துச்சு. சுத்தி வளையமெல்லாம் துருப்புடிச்சு அசிங்கமா இருந்துச்சு. புடுங்கிப் போட்டுட்டு, ஃபைபர் மேட்டு வெச்சு அடைச்சு பட்டி பாத்துட்டேன். கையால தடவினாலும் தெரியாது."

அவன் பெருமையாகத்தான் சொன்னான். ஐந்து வருஷம் லாரியில் வேலை செய்தவன். லாரியில் ஓட்டை என்றால் துரு. அதை அடைத்து, தடவினால் தெரியாதபடி செய்கிறவன்தான் பெயிண்டர்.

பிரான்சிஸ் சிரிக்கவில்லை.

"நடுவுல இருந்த வெயிட்ட எடுத்துட்டு, மொத்தத்தையும் பின்னால கொண்டுபோய் மாட்டிருக்கீங்க. பின்பக்கம் தாழ்ந்துதான் நிக்கும். ஓடறப்ப ஒண்ணும் தெரியாது, தூக்கிக்கும். நிறுத்துனா அதோட அலையே பின்னாடி வந்து உள்ள ஏறும். ஏறுன தண்ணி வெளிய போவத்தான் அந்த ஓட்டை. போவலன்னா இன்னும் தாழும், தாழத் தாழ இன்னும் ஏறும்." அவர் செல்லைத் திருப்பிக் கொடுத்தார். "எப்ப இறக்கறாங்க?"

"இன்னிக்கு. ராகுகாலம் முடிஞ்சு மூணு மணிக்கு."

ஸ்டேஷன் கடிகாரம் மூன்று இருபத்தைந்தைக் காட்டியது.

"யாரு ஏறியிருக்காங்க?"

"மாமா. அக்கா. அஸ்வினி."

"அது யாரு?"

"அக்கா பொண்ணு. ஆறு வயசு."

ஆனந்தராஜின் எண்ணுக்கு அடித்தான். எடுத்தது அம்மா கெங்கம்மாள். காற்று இரைச்சலோடு குரல் வந்தது.

"ரயிலு ஏறிட்டியாடா?"

"அம்மா, மாமா எங்க?"

"அவங்க கடலுக்குள்ள போய் கொஞ்ச நேரம் ஆவுது. போன் தண்ணியில வுழுந்துடும்னு மாப்ள என்கிட்ட குடுத்துட்டுப் போச்சு. தக்குனூண்டா தெரியறாங்க."

"லைஃப் ஜாக்கெட் போட்டிருக்காங்களா?"

"ஆரஞ்சு கலர்ல, மெத்த மாதிரி இருக்குமே அதுவா? கவர் பிரிக்கல. மொதலாளி வந்துதான் பிரிக்கணுமாம். நான்தான் மேல உட்காந்துக்கினு காவல் காத்துக்கினு இருக்கேன்."

கோகுல் குரலை உயர்த்தினான். "அம்மா, அவங்கள திரும்பச் சொல்லு. நிறுத்தாம திரும்பச் சொல்லு. துணிய ஆட்டு, கத்து!"

"ஆரம்பிச்சிட்டியா? மொதல்ல திண்டிவனம் வேலைக்குப் போன அன்னிக்கும் இப்படித்தான். கேஸ் மூடுனியா, மோட்டார நிறுத்துனியான்னு ஒம்போது போனு. வூட்ட வுட்டு கண்டமங்கலத்துலேர்ந்து இங்க கடலாண்ட வந்துகூட உன் பேஜாரு வுடலயே. ஒழுங்கா ரயிலு ஏறு."

வைத்துவிட்டாள்.

அக்கா கலைப்பிரியாவின் எண்ணுக்கு அடித்தான். மணி அடித்தது, கட்டானது. மறுபடியும் அடித்தான். மறுபடியும் கட்டானது. மெசேஜ் தட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. மைக்கை அழுத்தி வாயருகே வைத்துச் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல எழுத்து ஓடியது.

"அக்கா போட்ட நிறுத்தாதீங்க நிறுத்தினா தண்ணி ஏறிடும் அப்படியே ஓட்டிக்கினு கரைக்கு வாங்க நான் ஒரு தப்பு பண்ணிட்டேன் அக்கா."

நீலக் குறி விழவில்லை. அதற்குள் அவளிடமிருந்தே ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் இன்ஜின் உறுமியது. அஸ்வினி "ஹேய்" என்று கூவினாள்.

"டேய், வீடியோ எடுத்துக்கினு இருக்கேன். நீ போன் பண்ணப் பண்ண வீடியோ கட்டாவுது. அழுவாம ரயிலு ஏறு. இப்ப நடுவுல நிறுத்திக் கற்பூரம் ஏத்தப் போறோம், உன் பேருக்கும் சேத்துதான் கும்புடறேன், போதுமா?"

அவன் எழுந்து நின்றான். எங்கே ஓடுவதென்று தெரியவில்லை. இங்கிருந்து பஸ் பிடித்தாலும் கண்டமங்கலம் தாண்டி, பாண்டிச்சேரி தாண்டி, ஒன்றரை மணி நேரம். போன் தவிர அவனிடம் வேறு எதுவும் இல்லை. பதினோரு தடவை அடித்தான்.

வண்டி வந்து நின்றது. பிரான்சிஸ் இரண்டு பையையும் தூக்கிக்கொண்டார்.

"ஏறு. ஏறிட்டுப் பேசு."

"வண்டி கெளம்புனா சிக்னல் வுட்டு வுட்டுப் போவும்ண்ணே."

"நாளைக்கு வரலன்னா அந்த மேனேஜர் வேற ஆளப் போட்டுருவான். நான் சொன்னாலும் கேக்கமாட்டான், தெரியுமில்ல?"

கோகுல் தலையாட்டினான். நகரவில்லை. பிரான்சிஸ் அவனை ஒரு நொடி பார்த்துவிட்டு, அவன் பையை மட்டும் கீழே வைத்துவிட்டு ஏறிக்கொண்டார். வண்டி நகர்ந்தபோது கதவில் தொங்கியபடி கத்தினார்.

"உடைக்கச் சொல்லு! அடைச்சத உடைக்கச் சொல்லு!"

கடைசிப் பெட்டி தாண்டுவதற்குள் போன் அடித்தது. அக்காதான். குரல் மாறியிருந்தது.

"கோகுலு, தண்ணி வந்துடுச்சுடா. நிறுத்தின ஒடனே பின்னாலேர்ந்து மொத்தமா ஏறுச்சு. முழங்கால் வரைக்கும் நிக்குது. மாமா டப்பாவால அள்ளுது, அள்ள அள்ள வந்துக்கினே இருக்கு."

"அஸ்வினி?"

"முன்னாடி."

"முன்னாடியே இருக்கட்டும். வராதன்னு சொல்லு. அக்கா, பின்பலகையில நான் ரெண்டு ஓட்டைய அடைச்சிட்டேன். அத உடைக்கணும். நங்கூரத்தால அடிக்கச் சொல்லு."

ஆனந்தராஜ் போனைப் பிடுங்கியது கேட்டது. "எங்கடா உடைக்கறது? எல்லாம் கண்ணாடியாட்டம் வழவழன்னு கெடக்குது! கண்ட எடத்துல அடிச்சா பலகையே பேந்து, இன்ஜினோட மூழ்கிடுவோம்!"

கோகுல் கண்ணை மூடிக்கொண்டான்.

ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. லாரிக்காரர்கள் யாருக்கும் தெரியாது, பெயிண்டர்களுக்கு மட்டும் தெரியும். எவ்வளவு பட்டி பார்த்தாலும் சில இடம் சமமாக வராது, காயக் காயக் குழி விழும். வண்டி கொடுக்கும் நாள் நெருங்கிவிட்டால் அந்த இடத்தில் ஒரு தாமரை வரைந்துவிடுவார்கள். பூவைப் பார்க்கிறவன் குழியைப் பார்க்கமாட்டான். அடைத்த இரண்டு ஓட்டையும் மூன்று முறை குழி விழுந்தன. தடவினால் தெரியாது என்று பிரான்சிஸிடம் சொன்னது பொய். நான்காம் நாள் அவன் பிரஷ்ஷை எடுத்தான். அக்கா அதைத் தொட்டுப் பார்த்து, "என்னா அழகுடா, எனக்குத்தானே போட்ட?" என்று கேட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். அவனும் ஆமாம் என்றிருந்தான்.

"மாமா, தாமரை."

"என்ன?"

"ரெண்டு மூலையிலயும் தாமரை இருக்கில்ல. அதுக்குக் கீழதான் ஓட்டை. வேல சரியா வரல, மறைக்கத்தான் பூவு போட்டேன். பூவுக்கு நடுவுல மஞ்சப் பொட்டு இருக்கும், சரியா அங்க அடிங்க."

ஆனந்தராஜ் தண்ணீரைத் துழாவுவது கேட்டது. பிறகு அக்காவின் குரல், தூரத்திலிருந்து: "பூவு தண்ணிக்குள்ள இருக்குங்க. தோ, மஞ்சள் தெரியுது."

அடி விழுந்தது. நங்கூர இரும்பு ஃபைபரில் மோதும் மொத்தைச் சத்தம். மறுபடியும். மறுபடியும்.

"எத்தினி மடிப்புடா வெச்ச?"

"மூணு."

தன் வேலை மட்டமாக இருக்க வேண்டுமென்று அவன் பிளாட்பாரத்தில் நின்று வேண்டிக்கொண்டான். டீக்கடைக்காரர் அவனையே பார்த்தார்.

ஏதோ நொறுங்கியது. உடனே அக்கா அலறினாள். "உள்ள வருதுடா! வெளிய போவல, ஓட்டை வழியா உள்ள வருது!"

கேட்க பிரான்சிஸ் இல்லை. அவர் சொன்னதை ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிப் பார்த்தான். ஓடறப்ப ஒண்ணும் தெரியாது, தூக்கிக்கும்.

"மாமா, ஓட்டுங்க! ஓடுனாத்தான் தண்ணி வெளிய போவும்!"

"ஒரு இன்ஜினு ஸ்டார்ட்டே ஆவலடா!"

"இன்னொண்ணுல ஓட்டுங்க. அக்காவையும் முன்னாடி போவச் சொல்லுங்க. கரை வரைக்கும் நிறுத்தாதீங்க."

கயிற்றை இழுக்கும் சத்தம். இருமல். மறுபடி இழுப்பு. உறுமல் ஒன்று எழுந்தது, அதோடு தொடர்பு அறுந்தது.

அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. அக்காவின் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள். அம்மாவின் கையிலிருந்த போன் அடித்துக்கொண்டே இருந்தது. பாண்டிச்சேரி பாசஞ்சர் ஒன்று வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. கோகுல் மைக்கை அழுத்தி, அக்காவின் எண்ணுக்கே பேசிப் பேசி அனுப்பிக்கொண்டிருந்தான். "அக்கா வந்துட்டீங்களா அக்கா ஒரு வார்த்த சொல்லு அஸ்வினிய சொல்லச் சொல்லு." ஒவ்வொரு வரியும் ஒற்றைச் சாம்பல் குறியோடு நின்றது.

நான்கு மணிக்குச் சற்று முன்னால் அம்மா கூப்பிட்டாள். அழுகையில் பாதிதான் புரிந்தது. "மணல்ல ஏறிட்டாங்கடா. கொழந்த நனைஞ்சு போயி... வாந்தி எடுத்துது... நல்லாத்தான் இருக்கா. நான் அந்த ஆரஞ்சு மூட்டைய தூக்கிக்கினு தண்ணியில எறங்கிட்டேன்டா, கவர்கூட பிரிக்கல, பைத்தியம் மாதிரி."

அவன் பையின் மேல் உட்கார்ந்தான்.

பிறகு அக்கா போனை வாங்கினாள். அவள் மூச்சு விடுவது கேட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தான். வேலை போனதைக் கேட்பாள் என்றும் நினைத்தான்.

"திண்டிவனத்துல எத்தினி லாரிக்குடா தாமர போட்டிருக்க?"

கேள்வி சத்தமில்லாமல்தான் வந்தது. கோகுல் பதில் சொல்ல வாயைத் திறந்தான். முதலில் ஒரு சிமெண்டு லாரி நினைவுக்கு வந்தது, கேபின் அடியில். அப்புறம் ஸ்கூல் வேன் ஒன்று, பின்கதவுக்குக் கீழே, துரு தின்ற ஓட்டையை மறைத்து, பெரிய பூ.

"அக்கா," என்றான், "நான் திண்டிவனத்துக்குத்தான் போறேன்."