கவர் வேணுமா?

என் கணவர் லோகேஸ்வரன் வாழ்நாளில் கோட்டு போட்டதில்லை. ஆனால் சித்தூரில் அவர் வேலை பார்த்த பெட்ரோல் பங்க் வாசலில் கட்டிய ஃபிளெக்ஸில், யாருடையதோ ஒரு நீலக் கோட்டுக்குள் இருந்துகொண்டு சிரித்தார். கீழே 'கடமை வீரர்' என்று எழுதியிருந்தது. வசூல் பையைப் பிடுங்கிக்கொண்டு பைக்கில் ஏறியவனை அவர் விடவில்லை. பலமனேர் ரோட்டில் பைக்கோடு இழுபட்டே போனார். பை கிடைத்துவிட்டது.

அதைப் பேப்பரில் படித்துவிட்டுத்தான் சக்ரபாணி சார் திருப்பதியில் தன் வெள்ளிப் பூஜைச் சாமான் கடையில் எனக்குப் பில் போடும் வேலை கொடுத்தார். "வீரர் ஆத்து மனுஷி. கல்லாவில இருந்தாலே கடைக்குப் பாதுகாப்பு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நான் பல்லிக்குப் பயப்படுகிறவள்.

கடையில் சாமான் எடுத்துக் காட்டுகிறவன் ஹரிபாபு. நகரியிலிருந்து தினமும் ரயிலில் வருவான். என் போனில் அந்த ஃபிளெக்ஸ் படத்தைப் பார்த்ததிலிருந்து அவருக்குப் பெரிய பக்தன்.

"போனா அண்ணன் மாதிரி போவணும்க்கா. ஊரே பாக்கணும்."

"மொதல்ல டீயக் குடி. ஆறிப் போவுது."

"நம்ம கடைக்கு ஒர்த்தன் வரட்டும். அப்பப் பாரு என்னை."

அவன் மனைவி மல்லிகா அப்போது கர்ப்பமாக இருந்தாள்.

ஒருவன் வரவில்லை, இரண்டு பேர் வந்தார்கள். நல்ல மத்தியான வெயில். சார் சாப்பிடப் போயிருந்தார். முன்னால் வந்தவன் அப்போதுதான் மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருந்தான். நெற்றியில் பளிச்சென்று நாமம். ஹரிபாபு "ரண்டி, ரண்டி" என்று தெலுங்கில் வரவேற்று ஸ்டூலை இழுத்துப் போட்டான். பின்னால் வந்தவன் ஷட்டரைப் பாதி இறக்கினான். மொட்டை, துண்டுக்குள்ளிருந்து இளநீர் வெட்டும் கத்தியை எடுத்தான்.

ஹரிபாபு கையில் காட்டுவதற்கு எடுத்த குத்துவிளக்கு. அதைத் தலைக்கு மேலே ஓங்கினான். எனக்கு அவன் மேல் நீலக் கோட்டு தெரிந்தது.

பாய்ந்துபோய்ப் பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்தேன்.

"உடுக்கா!"

"உட மாட்டேன்."

சட்டை முதுகு நெடுக்கக் கிழிந்தது. பனியனைப் பிடித்துக்கொண்டேன். யார் யாரோடு சண்டை போடுகிறார்கள் என்று தெரியாமல் மொட்டை திகைத்து நின்றான். "அண்ணா, நீங்க எடுத்துக்குங்க" என்றேன். அவன் தட்டுகளையும் கிண்ணங்களையும் வாரி மார்போடு அணைத்தான். ஒன்றைப் பிடித்தால் ஒன்று விழுந்தது. குனிந்து குனிந்து எடுத்தான். பார்த்துக்கொண்டே இருந்த என் வாய், நாள் முழுக்கச் சொல்லிப் பழகியதைத் தானாகவே சொல்லிவிட்டது.

"கவர் வேணுமா?"

"குடு" என்றான்.

ஒரு கையால் பனியனைப் பிடித்தபடியே மறு கையால் எடுத்துக் கொடுத்தேன்.

போலீஸ்காரர் அடையாளம் கேட்டார். மொட்டைத் தலை, சந்தனம், நாமம், கையில் எங்கள் கடைக் கவர் என்றேன். பேனாவை மூடி வைத்தார். "ஏம்மா, கோவில் தெருவுல நின்னு பாரு. பாதி பேரு இப்படித்தான் போறாங்க."

சக்ரபாணி சாருக்குத்தான் தாங்கவில்லை. "திருடனுக்குக் கவர் வேணுமான்னு கேட்டியாமே! அவன் என்ன சேவிக்க வந்தவனா? உங்காத்துக்காரர் இருந்திருந்தா விட்டிருப்பாரா?"

"விட்டிருக்க மாட்டாரு சார்," என்றேன். "அதனாலதான் இல்ல."

அவர் காலியான அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எல்லாருக்கும் காபி சொல்லு" என்றார். அதற்குப் பிறகு என்னை வீரர் ஆத்து மனுஷி என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஹரிபாபு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். எதிர்ப் பூக்கடை ரத்னம்மா அவனைப் பார்க்கும்போதெல்லாம், "ஏம் தம்பி, கவர் வேணுமா?" என்று கத்துவாள். தெருவே சிரிக்கும். "என் மானத்த வாங்கிட்டாங்க. சொக்காவும் போச்சி, உகாதிக்கு எடுத்த சொக்கா" என்று சுவரிடம் சொல்வான். நான் பில் போடுவேன். அவன் கோபத்தைக் கேட்டுக்கொண்டே இருக்க எனக்குப் பிடித்திருந்தது. உயிரோடு இருக்கிறவனின் கோபம்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என் முன்னால் ஒரு டப்பாவை 'டக்'கென்று வைத்தான். எலுமிச்சங்காய் ஊறுகாய்.

"மல்லிகா குடுத்தனுப்புச்சி. எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"நல்லா இருக்காளா?"

"அவளுக்கு இன்னா. அந்தக் கிழிஞ்ச சொக்காவ தூக்கிப் போடுன்னா போட மாட்டேங்குறா. மடிச்சி பீரோவுல வச்சிக்கினு இருக்கா. பைத்தியம்."

சொல்லிவிட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கேரியரைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தான். எனக்குக் கொடுத்த டப்பாவுக்கே நடுவில் இரண்டு தடவை கை நீட்டினான். அவன் பக்கமாகத் தள்ளி வைத்தேன்.